வடிகட்டலின் நியாயம்

பருத்தியால் பிழைக்கும் பிரதேசம் எங்களுடையது. ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ஆரம்பித்த நூற்பாலையும், அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த மற்ற ஆலைகளும், பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்பட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியும், ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடைபெற்றுவரும் பருத்தி ஆராய்ச்சி நிலையமும், அந்த நிலையம் வெளியிட்ட, ஊரின் பெயரையே சுருக்கித் தம் பெயராகக் கொண்ட எஸ்.வி.பி.ஆர். ரகங்களும் இந்தச் சீமையின் வாழ்க்கையோடு பின்னிக் கிடப்பவை. ஆகையால் பருத்தியைப் பற்றிய ஆராய்ச்சி இன்று எந்த விதத்தில் நடக்கிறது, அதன் முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம், நம்புவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று விசாரிக்கும் உரிமை, பல்கலைக்கழகத்தின் படிக்கட்டை மிதித்திராத சம்சாரிக்கும் உண்டு என்பது என் அபிப்பிராயம். அந்த உரிமையைப் பிரயோகிக்க உதவும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அது கேட்பதற்குச் சிறியது; பார்க்கப் போனால் ஆராய்ச்சியின் நேர்மை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

முற்காலத்தில் நல்ல ரகம் ஒன்றைக் கண்டெடுப்பது கண்ணும் காலமும் சேர்ந்து செய்த காரியம். வயலில் வரிசை வரிசையாகச் செடிகளை நட்டு, எது அதிகம் காய் பிடிக்கிறது, எது தத்துப்பூச்சியைத் தாங்குகிறது, எதன் இழை நீளம் என்று பருவத்துக்குப் பருவம் பார்த்து, தேர்ந்தவற்றைக் கலந்து, கலந்தவற்றுள் மறுபடியும் தேர்ந்து, இப்படிப் பல வருஷங்கள் கழிந்த பிறகே ஒரு ரகம் விவசாயியின் கைக்கு வந்தது. இன்றும் அந்த வேலை நின்றுவிடவில்லை, நிற்கவும் கூடாது. ஆனால் அதனோடு கூட வேறொரு மார்க்கமும் திறந்திருக்கிறது. நீர் பாய்ச்சிய செடியிலிருந்து ஓர் இலையையும், நீரின்றி வாடவிட்ட செடியிலிருந்து ஓர் இலையையும் கிள்ளி, உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ. என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று இயந்திரத்தைக் கொண்டு எண்ணிவிடுகிறார்கள். லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், நம் முன்னோர்கள் உப்பம் என்று பயிரிட்டார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த நாட்டுப் பருத்தியில், வறட்சியைத் தாங்கும் ரகத்தின் வேரையும் தாங்காத ரகத்தின் வேரையும் இவ்விதம் ஒப்பிட்டு 2012-இல் பிரசுரம் செய்தனர். அதுபோன்ற ஆராய்ச்சிகள் இன்று தேசம் முழுவதும் நடக்கின்றன.

செடியின் ஒவ்வோர் அணுவறையிலும் மரபணுக்களின் தொகுதி ஒன்றேதான். இலையில் இருப்பதுதான் வேரிலும் இருக்கிறது. வேரில் இருப்பதுதான் பஞ்சிலும் இருக்கிறது. பஞ்சு என்று நாம் அழைப்பது, பருத்திக்கொட்டையின் மேல்தோலிலுள்ள ஒற்றை அணுவறை நீண்டு நீண்டு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, பிறகு தன் சுவரைச் செல்லுலோஸால் தடிக்கச் செய்துகொண்டதன் விளைவு. ஒரே தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அணுவறை இலையின் பச்சையாகவும், இன்னொன்று ஆலையில் நூலாகும் இழையாகவும் மாறுகிறதென்றால், தொகுதியில் எந்தெந்த மரபணு எப்போது விழிக்கிறது, எவ்வளவு உரத்து வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த விழிப்பைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். அதை எண்ணி எழுதிய அட்டவணைதான் ஆராய்ச்சியாளனின் மூலதனம்.

அந்த அட்டவணையைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நீர் பாய்ச்சிய செடிகள் மூன்று, வாடவிட்டவை மூன்று, ஆக ஆறு பத்திகள். வரிசைகளோ மரபணுவுக்கு ஒன்றாக வருகின்றன. நம் ஆலைகளில் பெரும்பாலும் ஓடுகிற அமெரிக்கப் பருத்தி இனத்தின் மரபணுத் தொகுதியை 2015-இல் இரண்டு குழுவினர் வெளியிட்டபோது, ஒரு குழு 70,478 மரபணுக்களையும் மற்றொன்று 76,943 மரபணுக்களையும் கணக்கிட்டது. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000-தான் என்பதை நினைத்தால், இந்தச் செடியின் செல்வம் வியப்பைத் தருகிறது. காரணம், இது இரண்டு இனங்கள் பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் கூடி ஒன்றானதன் சந்ததி. நம் கரிசல் நிலத்துக் கருங்கண்ணிக்கு உறவான ஓர் இனமும், அமெரிக்கக் கண்டத்து இனம் ஒன்றும் சேர்ந்ததால், கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம்கள் இருக்க, இதற்கு 52 இருக்கின்றன. இந்த இரட்டைப் பிறப்பு ஆராய்ச்சிக்கு எத்தகைய இடையூறு செய்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எழுபதாயிரம் வரிசைகள், ஆறு பத்திகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே கேள்வி: வாடிய செடியில் இந்த மரபணுவின் வேலை மாறியிருக்கிறதா, அல்லது காணும் வேறுபாடு வெறும் தற்செயலா? புள்ளியியல் சாஸ்திரத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல், நூற்றுக்கு ஐந்து என்பது. உண்மையில் மாற்றம் எதுவும் இல்லாதபோது, மாறியிருக்கிறது என்று தவறாகச் சொல்லக்கூடிய சம்பவம் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படக் கூடாது என்பதே அதன் பொருள். ஒரே ஒரு கேள்வியைக் கேட்கும்போது இந்த அளவுகோல் போதுமானது. எழுபதாயிரம் கேள்விகளை ஒரே சமயத்தில் கேட்டால், செடியில் ஒரு மாற்றமுமே நிகழாமலிருந்தாலும், நூற்றுக்கு ஐந்து வீதம் 3,500 மரபணுக்கள் மாறியதாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். இந்த விபரீதத்தைத் தடுக்கவே கேள்விகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி அளவுகோலைக் கடுமையாக்கும் முறைகள் ஏற்பட்டன. இஸ்ரேல் தேசத்துப் புள்ளியியலாளர்கள் பெஞ்சமினியும் ஹாக்பெர்கும் 1995-இல் வகுத்த முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் கடுமைக்கும் ஒரு விலை உண்டு. கேள்விகள் பெருகப் பெருக, உண்மையாகவே மாறிய மரபணுவும் தன்னை நிரூபித்துக்கொள்ள முடியாமல் கூட்டத்தில் மறைந்துபோகிறது.

இங்கேதான் வடிகட்டல் வருகிறது. கேட்டுப் பயனில்லாத கேள்விகளை முன்கூட்டியே நீக்கிவிட்டால், மீதமுள்ளவற்றின் மேல் சுமத்தும் கடுமை குறையும். எவை பயனற்றவை? ஒரு வரிசையில் ஆறு செடிகளிலும் சேர்த்து இரண்டே எண்ணிக்கை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டும் வாடிய செடிகளின் பக்கமே விழுந்தாலும், தற்செயலாக அப்படி விழ நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆகையால் அதைக் கொண்டு எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. எவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்குப் போட்டாலும் பதில் தர இயலாத வரிசைகள் இத்தகையவை. அவை அட்டவணையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இலையில் பஞ்சின் மரபணுக்கள் பலவும் உறங்கிக்கொண்டுதானே இருக்கும்? அவற்றை நீக்குவது குற்றமன்று, விவேகம்.

ஆனால் நீக்குகிறவன் எதைப் பார்த்து நீக்குகிறான் என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. அட்டவணையின் தலைப்பு வரியை, அதாவது எந்தப் பத்தி நீர் பாய்ச்சியது, எந்தப் பத்தி வாடியது என்று சொல்லும் அந்த ஒரே வரியை, உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். மூடிய பிறகும் உங்கள் வடிகட்டும் விதியைப் பிரயோகிக்க முடிகிறதா? ஆறு பத்திகளின் கூட்டுத்தொகை இவ்வளவுக்குக் குறைந்தால் நீக்கு என்ற விதியைப் பிரயோகிக்க முடியும். ஆறும் ஏறத்தாழ ஒரே அளவாக அசைவின்றி இருந்தால் நீக்கு என்ற விதியையும் பிரயோகிக்க முடியும். வாடிய பக்கத்துச் சராசரி நீர் பாய்ச்சிய பக்கத்துச் சராசரியைப் போல் இரு மடங்காக இல்லாவிட்டால் நீக்கு என்ற விதியையோ கையை எடுக்காமல் பிரயோகிக்க முடியாது. முந்தியவை கேள்வியை அறியாத வடிகட்டிகள். பிந்தியது விடையைப் பார்த்துவிட்டு வடிகட்டுவது. விடையைப் பார்த்து வடிகட்டியவன், தற்செயலாகப் பெரிய வேறுபாடு காட்டிய வரிசைகளை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, அவற்றையே மறுபடி சோதனைக்கு நிறுத்தி, இத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்கிறான். நூற்றுக்கு ஐந்து என்ற வாக்குறுதி அந்தக் கணத்திலேயே பொய்யாகிவிடுகிறது. அட்டவணையில் எழுதப்படும் எண் மட்டும் மெய்போலவே காட்சியளிக்கிறது.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் ரிச்சர்ட் போர்கன், ராபர்ட் ஜென்டில்மன், வொல்ஃப்காங் ஹூபர் ஆகிய மூவர். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அகாதமியின் சஞ்சிகையில் 2010-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, அதுவரை பலரும் யோசியாமல் கையாண்டுவந்த சில வடிகட்டி-சோதனை ஜோடிகள் தவற்றின் அளவைக் கட்டுக்குள் வைப்பதில்லை என்று நிரூபித்தது. அதோடு நிற்காமல், கேள்வியை அறியாத வடிகட்டியை முதலில் பிரயோகித்துப் பிறகு சோதனை செய்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட மரபணு வெளிப்பாட்டுத் தரவில் கண்டுபிடிப்புகளின் எண்ணிக்கை 50 சதவீதம் கூடியது என்பதையும் காட்டியது. நேர்மையான வழியில் போனால் கிடைப்பது குறையும் என்று அஞ்சுகிற இளம் ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு வடிகட்டி எல்லாச் சோதனைக்கும் பொருந்தாது என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில் உண்டு. எல்லா மரபணுக்களின் அசைவையும் ஒருங்கே மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டை ஒவ்வொன்றுக்கும் கடன் கொடுக்கும் சோதனை முறை ஒன்று இன்று பரவலாக வழங்குகிறது. அசைவு குறைந்தவற்றை முன்பே நீக்கிவிட்டு அந்த முறையைக் கையாண்டால், கடன் கொடுக்கும் மதிப்பீடே கோணலாகிவிடும்.

எங்கள் ஊர் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதாக இராது. பேல் பேலாக வந்திறங்கும் பஞ்சு ப்ளோரூமில் உதறப்படும்போது, இலைத்தூளும் விதைத்தோலும் மண்ணும் அவற்றின் கனத்தினாலும் உருவத்தினாலும் தாமே கீழே விழுகின்றன. எந்த ஊர்ப் பஞ்சு, எந்த வியாபாரி அனுப்பியது என்று அந்த இயந்திரம் கேட்பதில்லை. இன்னாருடைய பஞ்சு என்று பார்த்து அதற்கேற்ப அழுக்கெடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால், அதிலிருந்து வெளிவரும் பஞ்சின் தரத்தைக் கொண்டு வியாபாரிகளை ஒப்பிட எந்த ஆலை முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

தலைப்பை மூடியவுடன் எல்லாம் சரியாகிவிட்டதென்று எண்ணிவிடவும் கூடாது. மூடியபடியே மூடத்தனமான விதிகளையும் வகுக்கலாம். ஆறு செடிகளிலும் பத்துக்கு மேல் எண்ணிக்கை இருந்தால்தான் வைத்துக்கொள்வேன் என்று ஒருவன் விதி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குக் கண்டிப்பாகவும் கௌரவமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு வரிசையில் 0, 0, 0, 14, 17, 12 என்று இருந்தால்? நீர் உள்ளபோது உறங்கி, நீர் வற்றியதும் விழித்துக்கொண்ட மரபணு அது. விவசாயிக்கு வேண்டியது எதுவோ அதுவாகவே இருக்கலாம். கண்டிப்பான விதி அதைக் குப்பையில் தள்ளிவிட்டது. எவையேனும் மூன்று செடிகளில் பத்துக்கு மேல் இருந்தால் வைத்துக்கொள் என்று, சிறிய பிரிவில் எத்தனை செடிகளோ அந்த எண்ணைக் கொண்டு விதி செய்திருந்தால், தலைப்பும் மூடியே இருந்திருக்கும், மரபணுவும் தப்பியிருக்கும். ஆகவே வடிகட்டும் விதி என்பது பயிரை அறிந்தவனும் கணக்கை அறிந்தவனும் கூடி உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். யாரோ எழுதிய பட்டியலைப் பார்த்துப் பிரதி செய்வதற்குரியதன்று.

முன்பு சொன்ன பருத்தியின் இரட்டைப் பிறப்பு இங்கே மிகவும் பிரதானமாகிறது. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். இயந்திரம் ஆர்.என்.ஏ.யை முழு நீளத்துக்கு வாசிப்பது சாமானியமாக இல்லை. துண்டு துண்டாக வாசித்து, ஒவ்வொரு துண்டும் எந்த மரபணுவுக்கு உரியது என்று கணினி பொருத்திப் பார்க்கிறது. பருத்தியிலோ, கருங்கண்ணி வழியில் வந்த ஒரு பிரதியும் அமெரிக்க வழியில் வந்த ஒரு பிரதியுமாக, பெரும்பாலான மரபணுக்கள் இரட்டையாக, ஏறத்தாழ ஒரே முகச்சாயலோடு இருக்கின்றன. ஒரு துண்டு இரண்டுக்கும் சமமாகப் பொருந்திவிட்டால் என்ன செய்வது? சந்தேகமானவற்றை நீக்கு என்பது பல கணினிக் கருவிகளில் ஊறிக் கிடக்கும் வழக்கம். இரட்டைகள் குறைந்த இனங்களில் அதனால் பெரிய நஷ்டமில்லை. பருத்தியில் அதே வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், மிகவும் ஒத்திருக்கும் இரட்டைகளின் எண்ணிக்கை செயற்கையாகக் குறைந்து, அடுத்த படியில் எண்ணிக்கை குறைந்தவற்றை நீக்கும் வடிகட்டி அவற்றை முற்றிலுமாக அகற்றிவிடும். மரபணு உறங்கவில்லை, நாம்தான் அதன் குரலை இரண்டு முறை அமுக்கினோம். பிறகு ஆராய்ச்சி முடிவில் அந்த மரபணு காணப்படாதபோது, வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வாக்கியம் எழுதப்பட்டு, பின்வரும் ஆராய்ச்சிகளிலெல்லாம் மேற்கோளாகிவிடும். எங்கோ வேறு இனத்துக்காக வகுத்த விதி, நம் கரிசல் காட்டுக்கு உதவக்கூடிய ஒரு விஷயத்தை இப்படி ஓசையின்றி அழிக்க முடியும்.

வடிகட்டிய பிறகு நேரும் பிழை ஒன்றும் உண்டு. தேறிய மரபணுக்களின் ஜாபிதாவை எடுத்துக்கொண்டு, இவற்றுள் இன்ன தொழிலைச் செய்பவை அளவுக்கு மீறி இருக்கின்றன என்று நிரூபிக்க முயலும்போது, ஒப்பிட வேண்டியது வடிகட்டியில் தங்கிய மரபணுக்களோடு. முழுத் தொகுதியோடு ஒப்பிட்டால், பஞ்சில் பஞ்சு வளர்க்கும் மரபணுக்கள் அதிகம் என்ற, யாவரும் அறிந்த விஷயமே கண்டுபிடிப்பாக வந்து நிற்கும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, ஒரு விதியைப் பிரயோகித்து முடிவைப் பார்த்து, பிடிக்காவிட்டால் விதியை மாற்றி மறுபடி பார்ப்பது. ஐந்து என்ற வரம்பில் எதிர்பார்த்த மரபணு தேறவில்லை, பத்து என்று வைத்துப் பார்ப்போம், அதிலும் இல்லை, மூன்று என்று வைத்தால் தேறிவிட்டது, ஆகவே மூன்றுதான் எங்கள் வரம்பு என்று கட்டுரையில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் தலைப்பை மூடியே வடிகட்டியிருந்தாலும், வரம்பைத் தேர்ந்தெடுத்தது விடையைப் பார்த்த கண். இதைச் செய்பவர்கள் வஞ்சகர்கள் அல்லர். மூன்று வருஷம் உழைத்து, உதவித்தொகை முடியும் தறுவாயில், வழிகாட்டியின் முகத்தையும் தேர்வுக் குழுவின் முகத்தையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவன், இன்னும் ஒரு வரம்பைப் பார்த்துவிடுவோம் என்று நினைப்பது மனித சுபாவம். சுபாவத்தை நொந்து பயனில்லை. அதற்கு இடங்கொடாத ஏற்பாட்டைச் செய்வதே அறிவுடைமை.

நம் தேசத்துப் புள்ளியியலுக்கு இந்த ஏற்பாட்டுப் புத்தி அந்நியமானதல்ல. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஸ்தாபித்த மகாலனோபிஸும், பயிர் விளைச்சல் மதிப்பீட்டில் அவரோடு வாதம் செய்த பி. வி. சுகாத்மேயும் 1940-களில் ஆராய்ந்த பிரச்சினைகளுள் ஒன்று, வயலில் எவ்வளவு பரப்பை அறுத்து நிறுத்துப் பார்ப்பது என்பது. மிகச் சிறிய பரப்பை அளந்து அறுத்தால், எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் சபலத்தால், விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகக் காட்டியது. அறுப்பவனுக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை; எல்லையில் நிற்கும் செடியை உள்ளே என்று எண்ணவே கை போகிறது. இன்று நம் கிராமங்களில் பயிர்க் காப்பீட்டுக்காகப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது, எந்த வயலில், எந்த மூலையிலிருந்து எத்தனை அடி தள்ளி அறுப்பது என்பதை அதிகாரியின் கண்ணுக்கு விடாமல் எழுந்தமான எண்களைக் கொண்டு நிர்ணயிப்பதற்குக் காரணம் இதுவே. விருதுநகர் மாவட்டத்துச் சம்சாரிக்கு, இழப்பீடு தன் கைக்கு வருமா என்பதே அந்த நிர்ணயத்தைப் பொறுத்திருப்பதால், அதன் நியாயம் நன்றாகத் தெரியும். வயலுக்கு நாம் வற்புறுத்தும் அதே நியாயத்தை ஆராய்ச்சிச் சாலையின் அட்டவணைக்கும் வற்புறுத்த வேண்டும் என்கிறேன்.

அட்டவணைப் பிழை எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதை மருத்துவ உலகம் கசப்போடு கற்றுக்கொண்டது. 1999-இல் அமெரிக்காவில் டாட் கோலப் முதலியோர் 38 ரத்தப் புற்றுநோயாளிகளிடம் 6,817 மரபணுக்களை அளந்து, நோயின் இரு வகைகளை வேறு பிரிக்க முடியும் என்று காட்டியது முதல், இத்தகைய ஆராய்ச்சிகள் வெள்ளமாகப் பெருகின. ஆம்ப்ராய்ஸும் மக்லாக்லனும் 2002-இல் அவற்றை ஆராய்ந்தபோது, பலர் எல்லா நோயாளிகளையும் பார்த்து மரபணுக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே நோயாளிகளில் சிலரை ஒதுக்கிவைத்துச் சோதித்துப் பிழையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. இத்தகைய முறையில், உண்மையில் ஒரு சம்பந்தமும் இல்லாத தரவிலிருந்தும் பிழையற்றதாகத் தோன்றும் முடிவு வந்துவிடும். வடிகட்டியவன் விடையைப் பார்த்துவிட்டான் என்ற ஒரே காரணம்தான்.

டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதனினும் கொடியது. எந்த நோயாளிக்கு எந்தப் புற்றுநோய் மருந்து பலிக்கும் என்பதை மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு சொல்லலாம் என்று அனில் போட்டி முதலியோர் 2006-இல் வெளியிட்ட கட்டுரையை நம்பி, 2007 முதல் நோயாளிகள்மீது பரீட்சைகள் தொடங்கின. ஹூஸ்டன் நகரத்துப் புள்ளியியலாளர்கள் கீத் பாகர்லியும் கெவின் கூம்ப்ஸும் பொறுமையாக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, மரபணுக்களின் பெயர்ப் பத்தி ஒரு வரிசை தள்ளிப் போயிருந்ததையும், மருந்துக்கு இணங்குவது, இணங்காதது என்ற தலைப்புகள் இடம் மாறியிருந்ததையும் 2009-இல் பிரசுரித்தார்கள். பரீட்சைகள் 2010-இல் நிறுத்தப்படுவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் அவற்றில் சேர்க்கப்பட்டிருந்தனர். மூலக் கட்டுரை 2011-இல் வாபஸ் பெறப்பட்டது. அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் 2015-இல் அனில் போட்டி முறைகேடு செய்தார் என்று தீர்மானித்தது. இதை விசாரித்த மருத்துவ அறிஞர் குழு 2012-இல் கொடுத்த அறிக்கையின் சாரம், நோயாளியின்மீது பிரயோகிப்பதற்கு முன்பே கணக்கிடும் முறை முழுவதையும், வடிகட்டல் உட்பட, பூட்டி வைத்துவிட வேண்டும், மூலத் தரவையும் கணக்கையும் பிறர் பார்க்கக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது.

பருத்திச் செடிக்கும் புற்றுநோயாளிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். 2025 மே மாதத்தில் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை இந்திய சர்க்கார் அறிவித்ததைப் பத்திரிகை வாசிப்பவர்கள் அறிவார்கள்; அவற்றுள் ஒன்று வறட்சியோடும் உவரோடும் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவைத் திருத்தியது. நெல்லுக்கு வந்தது பருத்திக்கும் வர அதிக காலம் செல்லாது. எழுபதாயிரத்தில் எந்த மரபணுவைத் தொடுவது என்று நிச்சயிக்கும் படிகளில், நான் மேலே காட்டிய ஆறு பத்தி அட்டவணை ஒரு படி. அந்தப் படியில் இடறினால், அதற்குமேல் பொதுப் பணமும் பல வருஷ உழைப்பும் வீணில் கழியும். வீணானது என்று தெரிவதற்குள் விதைப்பவன் ஒரு பருவத்தை இழந்திருப்பான்.

இதற்கெல்லாம் கணினி நிரல்கள் இருக்கின்றனவே, அவை தாமாகவே சரியாக வடிகட்டிவிடுமே என்பது நான் அடிக்கடி கேட்கும் சமாதானம். நிரல்கள் நல்லவர்களால் மிகுந்த யோசனையோடு எழுதப்பட்டவை. அவற்றைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் 2014 முதல் மிகவும் பிரசித்தமாயிருக்கும் டி.இ.செக்-2 என்னும் நிரல், எண்ணிக்கை குறைந்த மரபணுக்களைத் தானே வடிகட்டி, அவற்றுக்கு நேரே என்.ஏ. என்ற இரண்டெழுத்தை மட்டும் இட்டுவிட்டுப் போகிறது. சோதிக்கப்படவில்லை என்பது அதன் பொருள். மாற்றமில்லை என்று அதை வாசித்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். நிரலின் பெயரை ஆய்வேட்டில் எழுதிவிட்டு, அது என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் விடுவது, வைத்தியர் மருந்துக் கடையின் பெயரை எழுதிவிட்டு மருந்தின் பெயரை விட்டுவிடுவதற்கு ஒப்பான அஜாக்கிரதை.

ஆகவே, நம் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக் குழுக்களையும், ஆய்வு வழிகாட்டிகளையும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். மரபணு வெளிப்பாட்டைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டிலும், வடிகட்டுவதற்கு முன் எத்தனை வரிசைகள், பின் எத்தனை, எந்த விதியால், அந்த விதி பரிசோதனைக்கு முன் எழுதப்பட்டதா, மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்ற விவரங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும். நீக்கப்பட்ட மரபணுக்களின் ஜாபிதாவும் கணக்கிட்ட நிரலும் அனுபந்தமாகச் சேர வேண்டும். மூலத் தரவைப் பாதுகாக்க இடமில்லை என்று இனிச் சொல்லவும் வழியில்லை. பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் இதற்காகவே திறக்கப்பட்டிருக்கிறது. ஆய்வேடுகளோ சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் யாரும் வாசிக்கக் கிடைக்கின்றன. தரவும், விதியும், ஏடும் ஒன்றையொன்று சுட்டி நின்றால், ஹூஸ்டனில் இருவர் செய்த வேலையை நம் ஊர்க் கல்லூரி மாணவன் ஒருவனும் செய்ய முடியும். பணமில்லாத சிறு ஆராய்ச்சிச் சாலைகளுக்கு இது பாரம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் எழுதுவதற்கும் ஒரு கோப்பைச் சேர்த்து வைப்பதற்கும் ஆகும் செலவு, ஒரு செடியின் ஆர்.என்.ஏ.யை வாசிக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்கும் ஆகாது.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நம் பல்கலைக்கழகங்களில் பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறுவது என்பதும், தேர்வாளர்கள் முடித்த பின் வந்திருப்போரும் கேள்வி கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. கிருஷ்ணன்கோவிலிலோ, மதுரையிலோ, கோயம்புத்தூரிலோ பருத்தியின் மரபணுக்களைப் பற்றிய அத்தகைய தேர்வு நடக்கும் அறிவிப்பை நீங்கள் பார்த்தால், பருத்தி பயிரிடுபவராயினும் ஆலைத் தொழிலாளியாயினும் தயங்காமல் போய் அமர்ந்து, முடிவில் எழுந்து, எத்தனை மரபணுக்களை நீக்கினீர்கள், எந்த விதியால் நீக்கினீர்கள், அந்த விதியை எப்போது எழுதினீர்கள் என்று தமிழிலேயே கேளுங்கள்.